சுண்டைக்காய் கால் பணம்!

உங்கள் ஹாஸ்டல் ரூமில், கட்டிலுக்கு அடியில் காலி அட்டைப்பெட்டி ஏதாவது கிடக்கிறதா? கிடக்கும். ஆன்லைனில் வாங்கிய ஷூவோ, ஹெட்போனோ வந்த பெட்டியாக இருக்கும். ஒரு ஸ்கேலை எடுத்து அதன் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் அளங்கள். மூன்றையும் பெருக்கி, 5000-ஆல் வகுத்துப் பாருங்கள். (மேத்ஸ் பேப்பரில் அரியர் வைத்திருப்பவர்கள் கால்குலேட்டரைத் தொடலாம். நானும் அந்த ஜாதிதான்!) என்ன வந்தது? அந்த நம்பரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று பின்னாடி சொல்கிறேன்.

எங்க ஊர் சங்கரன்கோவில். அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் கடை. கடை என்றதும் பெரிதாகக் கற்பனை பண்ணிவிடாதீர்கள். அப்பா உட்கார்ந்திருந்தால் கஸ்டமர் நிற்கலாம். கஸ்டமர் உட்கார வேண்டுமென்றால் அப்பா எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் இடம். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டார் என்றால், பக்கத்தில் வெடி வெடித்தாலும் நிமிர மாட்டார்.

'மொபைல் வந்தப்புறம் வாட்ச் எல்லாம் யார் கட்டறாங்க?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கட்டுகிறார்கள். பேட்டரி மாற்ற, பட்டை மாற்ற வருகிறவர்களால்தான் எங்கள் வீட்டில் தினமும் அடுப்பு எரிகிறது. ஆனால், அப்பாவின் உயிர் இருப்பது சாவி கொடுக்கிற வாட்ச்களில். குறிப்பாக ஹெச்.எம்.டி! 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பித்த அரசு நிறுவனம். 2016-ல் அந்த வாட்ச் கம்பெனியை மூடுவதென்று மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. மூடினால் என்ன, கட்டியிருக்கிறவர்கள் கழற்றவில்லையே! பீரோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த தாத்தா வாட்ச்சைத் தூக்கிக்கொண்டு பேரன்கள் வேறு வருகிறார்கள். அதற்கெல்லாம் உதிரிபாகம் வேண்டும். அதைவிட முக்கியமாக, பழுது பார்க்க நல்ல டூல்ஸ் வேண்டும்.

நான் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படிக்கிறேன். செகண்ட் இயரில் ஒருநாள் போனில் அப்பா, "நல்ல சாமணம் ஒண்ணு வேணும்மா. இருக்கது முனை வளைஞ்சு போச்சு. அடுத்த வாரம் மதுரைக்குத்தான் போவணும்" என்றார். நான் கெத்தாக, "ஒரு சாமணத்துக்கா மதுரைக்கு பஸ் ஏறுவீங்க? நான் ஆர்டர் போடுதேன். கடைக்கே வந்து குடுப்பான்" என்றேன்.

சாமணம் 110 ரூபாய். கார்ட்டில் போட்டாச்சு. அட்ரஸ் அடிச்சாச்சு. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: ஷிப்பிங் 95.

உங்களுக்கும் அந்தக் கடைசிப் பக்கத்து அதிர்ச்சி நிச்சயம் நேர்ந்திருக்கும். நீங்கள் என்ன செய்வீர்கள்? 'போங்கடா' என்று மூடிவிட்டுப் போவீர்கள். இல்லையென்றால், ஃப்ரீ டெலிவரிக்கு இன்னும் முந்நூறு ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்று தேவையில்லாத எதையாவது சேர்த்து வாங்குவீர்கள். நான் இரண்டும் செய்யவில்லை. மூன்றாவதாக ஒன்று செய்தேன். பணத்தைக் கட்டிவிட்டு, அப்பாவிடம், "டெலிவரி ஃப்ரீப்பா. வெறும் 110தான்" என்றேன்.

ஏன் அந்தப் பொய்? 205 ரூபாய் என்று சொல்லியிருந்தால் அப்பா வாங்கவே விட மாட்டார். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, வளைந்த முனையைத் தேய்த்து நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எனக்கு எங்கப்பாவை அந்தப் புது சாமணத்தோடு பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான்.

பொய்யில் ஒரு சௌகரியம், முதல் தடவைதான் கஷ்டம். அடுத்து, வாட்ச் பின்மூடி திறக்கிற கேஸ் ஓப்பனர். அப்புறம், முள் பிடுங்குகிற டூல். கண்ணுக்குத் தெரியாத ஸ்க்ரூவுக்கான குட்டித் திருப்புளி செட். எண்ணெய் வைக்கிற ஊசி. ஆறே மாதத்தில் பன்னிரண்டு ஆர்டர். ஒவ்வொன்றிலும் எண்பதிலிருந்து நூற்றிப் பத்து ரூபாய் வரை ஷிப்பிங். 'ஃப்ரீப்பா', 'ஆஃபர்ப்பா', 'எனக்கு கூப்பன் இருந்ததுப்பா'. அப்பா சாமான் விலையை மட்டும் அனுப்புவார். மிச்சம் என் பாக்கெட் மணியில் போகும். ஈவ்னிங் கேன்டீனை கட் பண்ணினேன். ரொம்பத் தியாகி மாதிரி எனக்குள்ளேயே ஒரு பெருமிதம்!

அந்தப் பாக்கெட் மணியும் அதே பேட்டரி, பட்டை மாற்றி அப்பா அனுப்புகிற பணம்தான் என்பது அந்தத் தியாகியின் மண்டையில் ஏறவே இல்லை.

பதிமூன்றாவது ஆர்டரில் மாட்டிக்கொண்டேன்.

எங்க ஊரில் ரிட்டயர்ட் ஆன வாத்தியார் ஒருத்தர். முதல் சம்பளத்தில் வாங்கிய ஹெச்.எம்.டி. கோஹினூர் வாட்ச்சைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். சாவி கொடுக்கத் திருகுவோமே, அந்தத் திருகாணிக்குப் பின்னால் ஊசி மாதிரி ஒரு தண்டு உள்ளே போகும். ஸ்டெம் என்பார்கள். அது முறிந்துபோச்சு. நான் ஆன்லைனில் தேடிப் பிடித்துவிட்டேன். ஸ்டெம் 60 ரூபாய். ஷிப்பிங் 95. இன்டர்னல் எக்ஸாம் அவசரத்தில் பணம் கட்டும் இடத்தில் கை தவறி கேஷ் ஆன் டெலிவரியை அமுக்கிவிட்டேன். அதற்குத் தனியாக 40 ரூபாய்!

ஒரு மத்தியான கிளாஸ் நடுவில் போன். "ஏம்மா, தண்டு 60 ரூவாதானே சொன்ன? இவரு 195 கேக்காரே. வேற யாருக்கோ வந்ததா?"

நான் பேசாமல் இருந்தேன். பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு எப்படிப் பேசுவது? அப்பாவுக்கு என் மௌனமே போதுமாயிருந்தது.

"இதுக்கு முன்னாடி வந்ததெல்லாமும் இப்படித்தானா?"

"ம்."

அப்பா திட்டவில்லை. போன் கட் ஆகாமலே, டெலிவரி கொடுக்க வந்த அண்ணனிடம் "வேண்டாம் தம்பி, திருப்பிக் கொண்டு போயிருங்க" என்று சொல்வது கேட்டது.

தண்டு போய்விட்டது. வந்த வழியே, இன்னொரு தடவை டீசல் எரித்துக்கொண்டு. மறுநாள் வாத்தியார் கடைக்கு வந்தபோது அப்பா என்ன சொல்லியிருப்பார்? நாம் எத்தனையோ ரிப்பேர் கடையில், மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் கேட்டிருக்கிற அதே பதில்தான். "பார்ட்ஸ் கிடைக்கல சார்."

இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் நம்பித்தான் இருப்பீர்கள். நானும் நம்பினேன். பார்ட்ஸ் கிடைக்கத்தான் செய்கிறது பாஸ்! 195 ரூபாய்க்கு வந்து இறங்குகிற தண்டை மாட்டி, கூலியும் சேர்த்து 300 கேட்டால், "இதுக்குப் புது வாட்ச்சே வாங்கிரலாமே" என்று வாத்தியார் சொல்லிவிடுவார். அதைக் கேட்க அப்பாவுக்குத் தெம்பில்லை. 150-க்கு மேல் அந்த வேலைக்கு அவர் வாங்கியதே இல்லை. பார்ட்ஸ் கிடைக்கிறது, வண்டிச் சத்தம் கட்டுபடியாகவில்லை என்பதைத்தான் மரியாதையாக அப்படிச் சொல்கிறார்கள். ஓடவேண்டிய எத்தனை வாட்ச், எத்தனை மிக்ஸி, எத்தனை தையல் மெஷின் இந்த ஒரு வாக்கியத்தால் மூலையில் போய்ப் படுத்திருக்கும்!

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஊசி எடைகூட இல்லாத தண்டு கடை வந்து சேர ஏன் 95 ரூபாய்?

பதிலில் பாதியை ஒரு கூரியர் ஆபீஸில் தெரிந்துகொண்டேன். அப்பாவை சமாதானப்படுத்த ஒரு ஐடியா பண்ணியிருந்தேன். கோவையில் வாட்ச் தொழிலை விட்டுவிட்ட ஒரு பெரியவரிடம் பழைய கேஸ் பிரஸ் ஒன்று 900 ரூபாய்க்குக் கிடைத்தது. வாட்ச் கண்ணாடியையும் பின்மூடியையும் அமுக்கிப் பொருத்துகிற கருவி அது. வார்ப்பிரும்பு, கைப்பிடி வைத்தது. அப்பா கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி நகம் கறுத்துப்போயிருந்ததைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ரூம்மேட்டின் மிக்ஸி வந்த பெட்டியில் அதை வைத்து, சுற்றிலும் பழைய பேப்பரைத் திணித்து, ஹாஸ்டல் பக்கத்து கூரியருக்குத் தூக்கிப் போனேன்.

தராசில் மூன்று கிலோ நூறு கிராம். அரைக் கிலோவுக்கு 40 ரூபாய் ரேட். மூன்றரை கிலோ கணக்கில் 280 வரும் என்று மனசுக்குள் கூட்டிவிட்டேன். கவுன்டர் அண்ணன் டேப்பை எடுத்துப் பெட்டியை அளந்தார். 40, 30, 30. கால்குலேட்டரைத் தட்டினார். "ஏழு புள்ளி ரெண்டு கிலோ. ஏழரை கணக்கு. 600 ரூபா, வரியோட 708 ஆகுதுங்க அம்மிணி."

"அண்ணா, மூணு கிலோன்னு உங்க தராசே சொல்லுது!"

"சாமான் மூணு கிலோதானுங்க. மீதி காத்து. காத்துக்கும் இடம் வேணுமில்லைங்க?"

இப்போது அந்த நம்பரை எடுங்கள். நீங்கள் அளந்த உங்கள் காலிப் பெட்டி... 5000-ஆல் வகுத்து வந்த நம்பர்தான் கூரியர்காரர் கண்ணில் அதன் எடை! வால்யூமெட்ரிக் வெயிட் என்று பெயர். நிஜ எடை, பெட்டி அடைக்கிற இடத்துக்கான எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. அநியாயம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அண்ணன் வெளியே நின்ற வேனைக் காட்டினார். வேன் முழுக்கப் பெட்டிகள், கதவு மூட முடியவில்லை. ஆனால் டயர் கொஞ்சமும் அமுங்கவில்லை. எடை ஏறுவதற்குள் இடம் தீர்ந்துவிடுகிறது. தலையணையும் பொம்மையும் ஏற்றிப்போகிற வண்டிக்கும் அதே டீசல், அதே டிரைவர் சம்பளம்தானே?

பெட்டியை அங்கேயே பிரித்தேன். கைப்பிடி ஸ்க்ரூவில் மாட்டியதுதான், கழற்றிப் பக்கத்தில் படுக்க வைத்தேன். அண்ணன் ஒரு சின்னப் பெட்டியும் கத்தியும் கொடுத்தார். வெட்டி, மடக்கி, டேப் சுற்றி முடித்தபோது 28, 20, 16. வகுத்தால் ஒன்றே முக்கால் கிலோ சொச்சம். அதனால் நிஜ எடைக்கே கணக்கு. வரியோடு 330 ரூபாய். இருபது நிமிஷ வேலையில் 378 ரூபாய் மிச்சம்! மெக்கானிக்கல் படித்து நான் சம்பாதித்த முதல் காசு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஊசித் தண்டு விஷயமும் இதனால்தான் புரிந்தது. கூரியரில் எடை 'படி' கணக்கு. முதல் படி அரைக் கிலோ என்று வைத்தால், ஐந்து கிராம் தண்டுக்கும் அரைக் கிலோவுக்கான காசுதான். அந்தக் கவரை ஒருத்தர் வாங்க வேண்டும், ஒருத்தர் பிரிக்க வேண்டும், ஒரு லாரி ஏற வேண்டும், கடைசியில் ஒரு அண்ணன் பைக்கில் வந்து கடையைத் தேடி, "சார் போன் எடுக்க மாட்டேங்கறீங்க" என்று அலுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே தண்டு இருந்தாலும் தங்கம் இருந்தாலும் அந்த வேலை ஒன்றுதான்.

சரி, இது எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்ற கதை. வருஷா வருஷம் ஏன் ஏறுகிறது? சென்னையில் 2022 ஏப்ரலில் டீசல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. அப்படி ஏறும்போதெல்லாம் கூரியர் பில்லில் 'ஃப்யூயல் சர்சார்ஜ்' என்று ஒரு வரி பெருக்கும். டோல்கேட் கட்டணம் தமிழ்நாட்டில் சில இடத்தில் ஏப்ரலில், சில இடத்தில் செப்டம்பரில் என்று முறை வைத்து ஏறும். எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி.

தபால் ஆபீஸ் மட்டும் ரொம்ப வருஷம் பொறுத்தது. 2012 அக்டோபரில் வைத்த ஸ்பீடு போஸ்ட் ரேட்டை 2025 அக்டோபரில்தான் மாற்றினார்கள். 50 கிராம் வரை வெளியூர்க் கவருக்கு வரியோடு 41 ரூபாய் 30 பைசா இருந்தது, 55 ரூபாய் 46 பைசா ஆனது. அதே வருஷம் பதிவுத் தபாலையும் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். ஆனால் அந்த மாற்றத்தோடு நமக்கென்று ஒரு நல்லதும் செய்தார்கள்: ஸ்பீடு போஸ்ட்டில் மாணவர்களுக்கு 10 சதவிகிதம் தள்ளுபடி. இதை எங்கள் ஹாஸ்டலில் சொன்னபோது ஒருத்திக்கும் தெரிந்திருக்கவில்லை. ஐ.டி. கார்டை சினிமா தியேட்டருக்கு மட்டுமா எடுத்துப் போவது?

புத்தகம் அனுப்புகிறவர்களுக்கு இன்னொன்று. பதிவு செய்த புத்தகங்களை மலிவாக அனுப்புகிற பழைய சேவையை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது, புத்தகம் விற்கிற சின்னப் பதிப்பகங்கள் எல்லாம் தலையில் கை வைத்தன. பிறகு 2025 மே 1-ம் தேதி 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று வந்தது. அறிமுகமானபோது, 300 கிராமுக்கு 20 ரூபாயில் ஆரம்பித்து, ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. பாடப்புத்தகங்களுக்கு உண்டு. தரை வழியாகத்தான் போகும், அதனால் மெதுவாகத்தான் போகும். செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போகிற புத்தகத்துக்கு என்ன அவசரம்? எப்படியும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை!

இன்னொரு கணக்கு நம் ஊரிலேயே இல்லை, கடலில் இருக்கிறது. அப்பாவுக்கு நான் வாங்கிய ஓப்பனரும் திருப்புளி செட்டும் சீனாவில் செய்தவை. அங்கிருந்து கப்பலில் கன்டெய்னரில் வருபவை. ட்ரூரி என்ற கப்பல் துறை ஆய்வு நிறுவனம் உலகின் முக்கியமான கடல் வழிகளில் ஒரு 40 அடி கன்டெய்னருக்கு என்ன வாடகை என்று வாராவாரம் சராசரி போடுகிறது. 2019-ல் அது சுமார் 1,420 டாலர். 2021 செப்டம்பரில் 10,377 டாலர்! கொரோனாவில் துறைமுகங்கள் திணறின, வீட்டுக்குள் அடைந்திருந்த உலகம் ஆர்டர் போட்டுத் தள்ளியது. அந்த வருஷம் மார்ச்சில்தான் 'எவர் கிவன்' கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி ஆறு நாள் வழியை அடைத்தது. நாமெல்லாம் மீம் போட்டுச் சிரித்தோமே, அதே கப்பல்! பிறகு வாடகை இறங்கியது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மேல் தாக்குதல் ஆரம்பிக்க, ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போக வேண்டியதாகி, மறுபடி ஏறியது. இறக்குமதி வரி போடும்போது பொருளின் விலையோடு கப்பல் கூலியையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்து, அந்த மொத்தத்துக்குத்தான் நம் நாட்டில் வரி. அதாவது, கூலிக்கும் வரி!

என் ரூம்மேட் தர்மபுரிக்காரி. டெரகோட்டா நகை செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறாள். 150 ரூபாய்க் கம்மல், 'ப்ளஸ் ஷிப்பிங்' என்று போட்டால் ஹார்ட் மட்டும் போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். 220 ரூபாய், ஃப்ரீ ஷிப்பிங் என்று போட்டால் வாங்குகிறார்கள்! "நம்ம மக்கள் ஏமாறத் தயார்டி, ஆனா கூலி குடுக்கத் தயாரில்ல" என்பாள். 2025 ஆகஸ்ட்டில் அவளுக்கு முதல்முதலாக அமெரிக்காவிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. ஹாஸ்டலே கொண்டாடியது. 800 டாலருக்குள் வருகிற பார்சலுக்குச் சுங்க வரி இல்லை என்று இருந்த சலுகையை அமெரிக்கா அந்த மாதம் 29-ம் தேதியோடு ரத்து செய்ய, நம் தபால்துறை அதற்கு முன்பே 25-ம் தேதி முதல் அங்கே போகும் பார்சல்களை நிறுத்திவைத்தது. மறுபடி ஆரம்பித்தது அக்டோபர் 15-ல். அதற்குள் அந்த அக்கா, "பரவால்லமா, பணத்தைத் திருப்பி அனுப்பிடு" என்றுவிட்டார். அந்தக் கம்மலை இப்போது நான்தான் போட்டிருக்கிறேன்.

இத்தனையும் தெரிந்துகொண்டு பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனேன். அப்பாவுக்கு வகுப்பெடுக்கும் உத்தேசத்தோடு!

கேஸ் பிரஸ் கடை மேஜையில் உட்கார்ந்திருந்தது. அப்பாவின் நகம் வெளுத்திருந்தது. நான் 5000, வால்யூம், டீசல் என்று ஆரம்பித்தேன். அவர் லென்ஸைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். போன மாதத் தாளின் பின்பக்கம் பென்சிலில் ஒரு லிஸ்ட். ஸ்டெம் இரண்டு, மெயின் ஸ்பிரிங் ஒன்று, கண்ணாடி மூன்று சைஸ், எண்ணெய், லென்ஸ் ஒன்று.

"நான் தொழில் கத்துக்கிட்ட காலத்துல பம்பாயிலேருந்து வி.பி.பி.யில சாமான் வரும். தபால்காரர்ட்ட பணம் கட்டி வாங்கணும். ஒத்த சாமானுக்கு யாரும் எழுதிப் போட மாட்டாங்க. பத்து சேர்ந்தப்புறம்தான் கார்டு போடுவாரு எங்க முதலாளி. அதுவரைக்கும் வாட்ச் டப்பாவுல தூங்கும். வந்தவங்ககிட்ட, 'ஒரு மாசம் ஆகும்'னு சொல்லிருவோம். நீ ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு லாரியைக் கூப்புடுத."

கேஷ் ஆன் டெலிவரிக்கு ஒரு தாத்தா உண்டென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்! நான் வாங்கிய பன்னிரண்டு ஆர்டரில் எட்டு ஒரே ஆள் விற்றது. சேர்த்து வாங்கியிருந்தால் ஒரே கவர். எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றாததற்குக் காரணம், அப்பா கேட்ட உடனே வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம்.

"அப்ப வாத்தியார் வாட்ச்சுக்கு ஏன்ப்பா 'ஒரு மாசம் ஆகும்'னு சொல்லல? கிடைக்கலன்னு ஏன் சொன்னீங்க?"

லென்ஸைக் கழற்றினார். "இப்ப யாரும்மா ஒரு மாசம் காத்திருக்கா? அவரு காத்திருப்பாருன்னு எனக்குத் தோணல. கேட்டிருக்கலாம்தான்."

அன்றைக்கு சாயங்காலம் அப்பா இரண்டு பேருக்கு போன் போட்டார். ராஜபாளையத்தில் ஒருத்தர், கோவில்பட்டியில் ஒருத்தர், இரண்டு பேரும் இதே தொழில், இதே மூன்றடிக் கடை. அவர்கள் காலண்டரின் பின்பக்கமும் காலியாக இல்லை. மூன்று லிஸ்ட்டையும் நான் ஒன்றாக எழுதினேன். பத்தொன்பது ஐட்டம். இரண்டு கடையில் ஆர்டர் போட்டதில் மொத்த ஷிப்பிங் 210 ரூபாய். ஒரு சாமானுக்குப் பதினோரு ரூபாய் சொச்சம். அவரவர் பங்கை அப்பா பிரித்துப் பொட்டலம் கட்டி, தெரிந்த ஆள் பஸ் ஏறும்போது கொடுத்துவிட்டார். இது எல்லா மாதமும் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். கோவில்பட்டிக்காரர் லிஸ்ட் கொடுக்க லேட் பண்ணுவார். ஒருதடவை தப்பான சைஸ் கண்ணாடி வந்து, திருப்பி அனுப்புகிற செலவு யாருடையது என்று மூன்று பேருக்கும் லேசாக உரசல். அவசரக் கஸ்டமர் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

கோஹினூருக்கான தண்டு அந்தப் பத்தொன்பதில் ஒன்று. அது வந்து சேர்ந்தபோது வாத்தியார் ஊரில் இல்லை, மகன் வீட்டுக்கு சென்னை போயிருந்தார். வாட்ச் அவரிடம், தண்டு எங்களிடம். அப்பா அதை ஒரு காலி ஃபிலிம் டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி வைத்திருக்கிறார். சித்திரையில் வருவார் என்கிறார்கள்.

போன வாரம் எனக்கு ஹாஸ்டலுக்கு ஒரு பார்சல் வந்தது. நான் பிரஸ் அனுப்பிய அதே 28, 20, 16 பெட்டி, புது டேப்போடு. உள்ளே அம்மா சுட்ட முறுக்கு ஒரு டப்பா, பருப்புப் பொடி, என் பழைய ஸ்வெட்டர். இவை போக மிஞ்சிய இடுக்கில் எல்லாம், ஓரம் ஓரமாக, சந்து சந்தாக, கோவில்பட்டிக் கடலை மிட்டாய்! பெட்டிக்குள் விரல் நுழையவில்லை. ஒட்டியிருந்த சீட்டில் எடை போட்டிருந்தது: ஒரு கிலோ எழுநூற்றி எண்பது கிராம்.

கால்குலேட்டரை எடுத்து 28, 20, 16-ஐப் பெருக்கி 5000-ஆல் வகுத்தேன். 1.79.

உடனே அப்பாவுக்கு போன் போட்டேன். "காத்துக்கு இடமே விடலியேப்பா!"

"பத்து கிராம் விட்டிருக்கேன்" என்றார். "அடுத்த தடவ அதுல ஒரு மிட்டாய் வச்சிருவேன்."